ஆறு சீசன் தோற்ற ஜி.எம்.மை என்ன செய்வது? பிட்ஸ்பர்க் முன்னால் இருந்த நான்கு வழிகள்

2025 பேஸ்பால் சீசனில் பால் ஸ்கீன்ஸ் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.97 ரன் மட்டுமே விட்டார். நேஷனல் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது ஒருமனதாக அவருக்குப் போனது. அப்படி எறிந்தவரின் வெற்றி தோல்விக் கணக்கைப் பார்த்தால் 10-10. அவர் எறிந்த நாட்களில்கூட அவருடைய அணி ரன் அடிக்கவில்லை. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அந்த சீசனை 71 வெற்றி, 91 தோல்வியோடு முடித்தது. ஜெனரல் மேனேஜர் பென் செரிங்டன் வந்த பிறகு அது ஆறாவது சீசன். ஆறிலுமே வெற்றியை விடத் தோல்வி அதிகம்.

இந்த ஆளை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா? ஸ்கீன்ஸ் எறியும் ஆட்டங்களைத் தேடிப் பார்க்கிறவன் என்பதால் எனக்கு இந்தக் கேள்வி மேல் தீராத அக்கறை உண்டு. கோபத்தில் பதில் சொல்வது சுலபம். ஆனால் இதே நிலைமையில் மற்ற அணிகள் என்னென்ன செய்தன, அதனால் என்ன ஆனது என்று வரிசையாகப் பார்த்தால் பதில் அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். ஆட்டம் நடக்கும்போது யார் எறிவது, யார் எந்த வரிசையில் அடிப்பது என்று முடிவெடுப்பவர் மேனேஜர். அவர் தலைமைப் பயிற்சியாளர் போல. ஜெனரல் மேனேஜர், அதாவது ஜி.எம்., அணிக்கு ஆள் சேர்ப்பவர். அணிகள் முறைவைத்து ஆள் எடுக்கும் டிராஃப்டில் பள்ளி, கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுப்பது, வெனிசுவேலாவிலும் டொமினிக்கன் குடியரசிலும் பதின்வயதுப் பையன்களோடு ஒப்பந்தம் போடுவது, அவர்களைக் கீழ்நிலை ஆட்டங்களான மைனர் லீகில் வளர்ப்பது, மற்ற அணிகளோடு வீரர்களை மாற்றிக்கொள்ளும் டிரேட் பேசுவது, ஒப்பந்தம் முடிந்து சந்தைக்கு வரும் ஃப்ரீ ஏஜென்ட்களுக்கு விலை சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. மொத்தம் எவ்வளவு பணம் என்பதைச் சொல்வது உரிமையாளர். ஒரு டிராஃப்ட் பலன் தர நாலைந்து வருஷம் ஆகும். அதனால் இன்று களத்தில் தோற்கும் அணி யாருடைய அணி என்பதே பல நேரம் சிக்கலான கேள்வி.

உரிமையாளருக்கு இருப்பவை நான்கு வழிகள். இன்னும் அவகாசம் கொடுக்கலாம். மேனேஜரை மாற்றிவிட்டு ஜி.எம்.மை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அவர் தலைக்கு மேல் இன்னொருவரைக் கொண்டுவரலாம். இல்லையென்றால் அனுப்பிவிடலாம்.

அவகாசம் கொடுத்ததற்கு நல்ல சாட்சி பிட்ஸ்பர்க்கிலேயே இருக்கிறது. பைரேட்ஸ் 1993 முதல் 2012 வரை தொடர்ந்து இருபது சீசன் தோற்ற அணி. அதன் பிற்பகுதியில், 2007 செப்டம்பரில், நீல் ஹன்டிங்டன் ஜி.எம். ஆனார். அவருடைய முதல் ஐந்து சீசன்களின் வெற்றிகள்: 67, 62, 57, 72, 79. ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். பாதியான 81ஐ அவர் ஒருமுறைகூடத் தொடவில்லை. 2010இல் 105 தோல்வி வந்தபோது அவரை அனுப்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் வைத்திருந்தார்கள். ஆறாவது சீசனான 2013இல் 94 வெற்றி. அதிலிருந்து தொடர்ந்து மூன்று ஆண்டு, சீசனுக்குப் பிந்தைய கோப்பைச் சுற்றான ப்ளேஆஃப். ரஸ்ஸல் மார்ட்டின் என்ற கேட்சர், ஏ.ஜே. பர்னெட், பிரான்சிஸ்கோ லிரியானோ என்ற இரண்டு பிட்சர்கள் என்று மற்றவர்கள் மதிப்புக் குறைத்துப் போட்டவர்களை அவர் பெரிய செலவில்லாமல் சேர்த்தது அந்த எழுச்சிக்கு முக்கியக் காரணம்.

இதைவிட ஆழமான பாடம் கான்சஸ் சிட்டியில் கிடைக்கிறது. அங்கே ஒரே மனிதருக்கு இரண்டு முறை அவகாசம் கொடுத்தார்கள். ஒருமுறை கோப்பை வந்தது, மறுமுறை ஒன்றும் வரவில்லை.

டேட்டன் மூர் 2006இல் ராயல்ஸ் அணிக்கு ஜி.எம்.மாக வந்தார். 2007 முதல் 2012 வரை ஆறு முழு சீசன், ஆறும் தோல்வி. 2009இல் 97 தோல்வி, 2010இல் 95. அதாவது 2012 முடிவில் மூர் நின்ற இடமும் 2025 முடிவில் செரிங்டன் நின்ற இடமும் எண்ணிக்கையில் ஒன்றுதான். ஆனால் உள்ளே பார்த்தால் வேறு. மூர் 2007இல் மைக் மூஸ்டாக்கஸையும் 2008இல் எரிக் ஹாஸ்மரையும் டிராஃப்டில் எடுத்திருந்தார். 2011இல் பேஸ்பால் அமெரிக்கா இதழ் வெளியிட்ட நூறு இளம் வீரர்கள் பட்டியலில் ராயல்ஸ் வீரர்கள் மட்டும் ஒன்பது பேர். 2010 டிசம்பரில் அணியின் சிறந்த பிட்சர் ஜாக் கிரெய்ன்கி தன்னை வேறு அணிக்கு மாற்றச் சொன்னபோது, அவரை மில்வாக்கிக்குக் கொடுத்து லோரென்சோ கெய்ன், அல்சிடெஸ் எஸ்கோபார் இருவரையும் இன்னும் இருவரையும் வாங்கினார். 2012 டிசம்பரில் பெரிதாகப் பேசப்பட்ட வில் மையர்ஸ் என்ற இளம் பேட்டரையும் வேறு சிலரையும் டாம்பா பே அணிக்குக் கொடுத்து ஜேம்ஸ் ஷீல்ட்ஸ், வேட் டேவிஸ் என்ற பிட்சர்களைக் கொண்டுவந்தார். வேலை போய்விடுமோ என்று பயந்து எதிர்காலத்தை விற்கிறார் என்று அப்போது கடுமையாகத் திட்டினார்கள். அடுத்த ஆண்டே மையர்ஸ் சிறந்த புதுமுக வீரர் விருது வாங்கியதும் திட்டு இன்னும் கூடியது.

அப்புறம் நடந்தது இது. 1985க்குப் பிறகு ப்ளேஆஃபையே பார்க்காத ராயல்ஸ் 2014இல் கோப்பைக்கான இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் வரை போய் ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. 2015இல் ஜெயித்தது. 2014 அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் சிறந்த வீரர் கெய்ன், 2015இல் எஸ்கோபார். இருவருமே கிரெய்ன்கி டிரேடில் வந்தவர்கள். 2015 வேர்ல்ட் சீரிஸின் கடைசி அவுட்டை எடுத்தவர் டேவிஸ்.

அதே மூருக்கு 2018இல் 104 தோல்வி, 2019இல் 103. முன்பு பலித்த பொறுமை மறுபடியும் பலிக்கும் என்று அணி காத்திருந்தது. 2018 டிராஃப்டில் முதல் 40 தேர்வுகளுக்குள் நான்கு கல்லூரிப் பிட்சர்களை எடுத்திருந்தார்: பிரேடி சிங்கர், ஜாக்சன் கோவார், டேனியல் லிஞ்ச், கிரிஸ் பூபிச். நால்வரும் பெரிய லீகுக்கு வந்துசேர்ந்தார்கள். ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு ஒருசேர வளரவில்லை. 2022இல் 97 தோல்வி. அந்த செப்டம்பரில் மூரை அனுப்பினார்கள். சீசன் முடிந்ததும் மேனேஜரும் பிட்சிங் பயிற்சியாளரும் போனார்கள்.

ஆக, முதல் முறை தோல்விக்கு அடியில் ஒரு தலைமுறை மேலே வந்துகொண்டிருந்தது. இரண்டாம் முறை அந்தத் தலைமுறை ஏற்கெனவே வந்துசேர்ந்து, வந்த பிறகும் தேறாமல் நின்றது. அவகாசம் தரலாமா என்று கேட்கும்போது நான் பார்ப்பது இதைத்தான். மைனர் லீகில் இருப்பவர்கள் மேலே வந்ததும் முன்னேறுகிறார்களா, தேங்குகிறார்களா? இளம் வீரர்களின் தரவரிசைப் பட்டியலை மட்டும் நம்பினால் 2019 மூரும் நல்லவராகத்தான் தெரிவார்.

வெற்றி எண்ணிக்கையையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 2012இல் பால்டிமோர் 93 ஆட்டம் ஜெயித்தது. ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் மட்டும் அவர்கள் கணக்கு 29-9. அடுத்த சீசனில் அதே மாதிரி ஆட்டங்களில் 20-31. மொத்த வெற்றி 85 ஆகக் குறைந்தது. அந்தக் குளிர்காலத்தில் ஜி.எம். திடீரென்று முட்டாளாகிவிடவில்லை. அதிர்ஷ்டம் இடம் மாறியது, அவ்வளவுதான். ஒரே ஒரு மோசமான சீசனை வைத்து ஒருவரை அனுப்பச் சொல்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஆறு சீசனுக்கு மட்டும் அந்தச் சமாதானம் செல்லாது.

இரண்டாவது வழி மேனேஜரை மாற்றுவது. பிட்ஸ்பர்க் இதை 2025 மே மாதம் செய்தது. 12-26 என்று தொடங்கிய அணியின் மேனேஜர் டெரக் ஷெல்டன் போனார், டான் கெல்லி வந்தார். கெல்லியின் கீழ் 59-65. முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் பாதிக்குக் கீழே. அதற்கு முந்தைய ஆண்டு முடிவிலேயே பேட்டிங் பயிற்சியாளரையும் மாற்றியிருந்தார்கள். புதுப் பயிற்சியாளர் வந்தும் அந்த அணி 2025இல் பெரிய லீக் முழுவதிலும் மிகக் குறைவான ஹோம் ரன் அடித்த அணியாக இருந்தது. பயிற்சியாளரை மாற்றியாயிற்று, மேனேஜரை மாற்றியாயிற்று. குறை அப்படியே இருக்கிறது என்றால், அதைத் தேட வேண்டிய இடம் மேலேதான்.

மூன்றாவது வழியை செரிங்டனே அனுபவித்திருக்கிறார். பாஸ்டன் ரெட் சாக்ஸில் 2012 முதல் அவர் ஜி.எம். முதல் சீசன் 69-93, பிரிவில் கடைசி இடம். அந்த ஆகஸ்ட்டில் ஏட்ரியன் கொன்சாலெஸ், கார்ல் கிராஃபோர்ட், ஜாஷ் பெக்கெட் மூவரையும் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸிடம் தள்ளி, 25 கோடி டாலருக்கு மேல் சம்பளச் சுமையை இறக்கிவைத்தார். 2013இல் வேர்ல்ட் சீரிஸ் வெற்றி. 2014இல் மறுபடி கடைசி இடம். அந்தக் குளிர்காலத்தில் பாப்லோ சாண்டோவாலுக்கு 9.5 கோடி டாலர், ஹான்லி ராமிரெஸுக்கு 8.8 கோடி டாலர் ஒப்பந்தம். இரண்டுமே பலிக்கவில்லை. 2015 ஆகஸ்ட்டில் டெட்ராய்ட் விடுவித்த டேவ் டோம்ப்ரோவ்ஸ்கியை இரண்டே வாரத்தில் பாஸ்டன் பிடித்து, செரிங்டனுக்கு மேலே தலைவராக உட்காரவைத்தது. ஜி.எம்.மாகத் தொடரலாம் என்றார்கள். அவர் மறுத்துவிட்டு வெளியேறினார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையே செய்திருப்பேன். முடிவெடுக்கும் உரிமையை எடுத்துக்கொண்டு பதவிப் பெயரை மட்டும் விட்டுவைப்பது மரியாதையான வழி இல்லை.

ஆனால் அணிக்கு அது பலித்தது. டோம்ப்ரோவ்ஸ்கி அணியின் இளம் வீரர் இருப்பை எடுத்துச் செலவழித்தார். செரிங்டன் காலத்தில் 3.15 கோடி டாலர் போனஸ் கொடுத்துச் சேர்த்த யோவான் மொன்காடாவை முக்கிய ஆளாக டிரேடில் கொடுத்து, கிரிஸ் சேல் என்ற பிட்சரை வாங்கினார். ரஃபேல் டெவெர்ஸ், ஆண்ட்ரூ பெனின்டெண்டி இருவரும் செரிங்டன் காலத்தில் வந்தவர்கள். அவர்கள் அப்படியே இருந்தார்கள். 2018இல் 108 வெற்றி, கோப்பை. கடைசி அவுட்டை எடுத்தவர் சேல். ஓராண்டுகூட ஆகாமல், 2019 செப்டம்பரில், டோம்ப்ரோவ்ஸ்கியையும் அனுப்பிவிட்டார்கள். இந்த வழி வேலை செய்ய இரண்டு வேண்டும்: நிறைந்த இருப்பு, செலவழிக்கத் தயங்காத உரிமையாளர். பாஸ்டனிடம் இரண்டும் இருந்தன. பிட்ஸ்பர்க்கில் இரண்டாவது சுத்தமாக இல்லை.

இனி அனுப்பிவிடும் வழி. இதில் எனக்கு மனசு கனக்கும் கதை டெட்ராய்ட்டின் அல் அவிலாவுடையது. 2015 ஆகஸ்ட்டில் டோம்ப்ரோவ்ஸ்கியின் இடத்துக்கு வந்தார். வரும்போதே தலையில் ஒரு பாரம்: மிகெல் கப்ரேராவுக்கு முந்தையவர் கொடுத்திருந்த 24.8 கோடி டாலர் ஒப்பந்த நீட்டிப்பு 2016இல்தான் தொடங்கியது. அது அவர் இருந்த காலம் முழுவதும் கூடவே வந்தது. 2019இல் 114 தோல்வி. ஹாவியர் பாயெஸுக்கு 14 கோடி டாலர் கொடுத்தது அவருடைய சொந்தத் தவறு. அதை யார் தலையிலும் கட்ட முடியாது. 2022 ஆகஸ்ட் 10 அன்று வேலை போனது.

இரண்டு ஆண்டு கழித்து, 2024இல், டெட்ராய்ட் ப்ளேஆஃப் போனது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அமெரிக்கன் லீகின் சை யங் விருது வாங்கிய டாரிக் ஸ்கூபல் 2018 டிராஃப்டின் ஒன்பதாவது சுற்றில் அவிலா எடுத்தவர். ரைலி கிரீன் 2019இல் அவர் எடுத்தவர். கெர்ரி கார்பென்டர் அதே ஆண்டு பத்தொன்பதாவது சுற்றில். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று ஊரில் சொல்வார்கள். அவிலா வைத்தது பனை.

அப்படியானால் அவரை அனுப்பியது தவறா? அப்படி நான் நினைக்கவில்லை. மேனேஜர் ஏ.ஜே. ஹின்சை அப்படியே வைத்துக்கொண்டு மேலே ஸ்காட் ஹாரிஸைக் கொண்டுவந்தார்கள். நல்ல விதைகள் இருந்தன, பெரிய தொகை ஒப்பந்தங்களில் தீர்ப்பு மோசமாக இருந்தது. ஏழு ஆண்டுக்குப் பிறகு அந்தக் குறையை இன்னொருவரிடம் ஒப்படைத்துச் சரிசெய்யப் பார்த்தது நியாயமே. அனுப்பப்பட்டவரின் உழைப்பு வீண் என்று மட்டும் யாரும் பேசக் கூடாது.

அனுப்புவது மருந்து என்றும் நினைத்துவிட வேண்டாம். சிகாகோ வைட் சாக்ஸ் 2023 ஆகஸ்ட்டில் ஜி.எம். ரிக் ஹானையும் அவருக்கு மேலே இருந்த கென்னி வில்லியம்ஸையும் ஒரே நாளில் அனுப்பியது. உள்ளேயிருந்த கிரிஸ் கெட்ஸை உயர்த்தியது. அடுத்த ஆண்டு 41-121. நவீன காலத்தில் எந்த அணியும் ஒரு சீசனில் அத்தனை ஆட்டம் தோற்றதில்லை. மூர் போன மறுஆண்டு ராயல்ஸும் 106 தோற்றது, 2024இல்தான் நிமிர்ந்தது.

எப்போது அனுப்புவது என்பதையும் அலட்சியமாக விடக் கூடாது. ஆனாலும் பல அணிகள் விடுகின்றன. ஒரு சீசனில் டிரேட் செய்யக் கடைசி நாளான டிரேட் கெடு, 2022இல் ஆகஸ்ட் 2. டெட்ராய்ட் அதுவரை அவிலாவை டிரேட் செய்யவிட்டு, எட்டு நாள் கழித்து அனுப்பியது. வைட் சாக்ஸும் கெடு முடிந்து மூன்று வாரம் கழித்தே அனுப்பியது. அணியில் நாளைக்கு இருக்கப்போவதில்லை என்று நீங்கள் முடிவு செய்துவிட்ட ஒருவர், அடுத்த ஐந்தாண்டுக்கான ஆட்களை ஏன் பேரம் பேச வேண்டும்? வாஷிங்டன் எதிர்ப்பக்கமாகத் தவறியது. 2019இல் கோப்பை வென்றுகொடுத்த மைக் ரிஸ்ஸோவை, அதற்குப் பிறகு தொடர்ந்து வந்த தோல்விகளால், 2025 ஜூலை 6 அன்று 37-53 என்ற நிலையில் அனுப்பினார்கள். டிராஃப்ட் ஜூலை 13. முதல் தேர்வு அவர்களுடையது. ஓராண்டு உழைத்துத் தயாரித்த பட்டியலை ஒரு வாரத்துக்கு முன் தற்காலிகமாக வந்தவர் கையில் கொடுக்க வேண்டியிருந்தது. சீசன் முடிந்த மறுவாரம், அக்டோபரின் தொடக்கம்தான் சரியான நேரம். புதியவருக்கு ஆள் சேர்க்க ஒரு முழுக் குளிர்காலம் கிடைக்கும்.

இப்போது பிட்ஸ்பர்க். முதலில் செரிங்டன் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். உரிமையாளர் பாப் நட்டிங் கொடுக்கும் பணம் மிகக் குறைவு. அந்த அணியின் வரலாற்றிலேயே மிகப் பெரிய ஃப்ரீ ஏஜென்ட் ஒப்பந்தம் 2014 டிசம்பரில் லிரியானோவுக்குக் கொடுத்த 3.9 கோடி டாலர். 2025 சீசன் முடியும்போதும் அதுவே உச்சம். பாஸ்டன் சாண்டோவாலிடம் இழந்ததில் பாதிகூட இல்லை. பிட்சர்களைத் தேர்ந்தெடுப்பதிலும் வளர்ப்பதிலும் செரிங்டன் குழு நன்றாகவே செய்திருக்கிறது: ஸ்கீன்ஸ், ஜாரெட் ஜோன்ஸ், பப்பா சாண்ட்லர். 2021 டிராஃப்டின் முதல் தேர்வாக ஹென்றி டேவிஸ் என்ற கேட்சரை எடுத்ததைத் தோல்வி என்கிறார்கள். அவரோடு குறைந்த தொகைக்குப் பேசி முடித்து, மிச்சப்பட்ட பணத்தில்தான் மூன்றாவது சுற்றில் சாண்ட்லரை எடுக்க முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2024இல் எடுத்த கானர் கிரிஃபின் 2025 சீசன் முடிவில் மைனர் லீகின் முன்னணி வீரராக இருந்தார்.

ஆனால் பேட்டிங்கைப் பாருங்கள். ஸ்டார்லிங் மார்ட்டே, ஜாஷ் பெல், ஜோ மஸ்க்ரோவ், ஜேம்ஸன் டெய்லன், ஆடம் ஃப்ரேசியர் என்று 2020, 2021இல் ஐந்து நல்ல ஆட்களை டிரேடில் கொடுத்தார்கள். இத்தனையிலிருந்தும் 2025 அணியில் நிலைத்து அடிக்கும் ஒரு பேட்டர்கூட மிஞ்சவில்லை. டேவிஸ் அடிக்கவில்லை. 2022இல் எட்டு ஆண்டு, 7 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்து நம்பிய கீப்ரையன் ஹேய்ஸ் 2025 ஜூலையில் சின்சினாட்டிக்குப் போனார். வீரரைத் தேர்ந்தெடுப்பதும் அடிக்கக் கற்றுக்கொடுப்பதும் ஃப்ரீ ஏஜென்ட் பணத்தைச் சார்ந்த வேலைகள் இல்லை. இதே குறைந்த பணத்தில் ஹன்டிங்டன் ஆறாவது சீசனில் 94 ஜெயித்தார். செரிங்டனின் கடைசி ஐந்து சீசன்களின் வெற்றிகள் 61, 62, 76, 76, 71. ஏறியது நின்று, இறங்கத் தொடங்கிவிட்டது. 2012இல் இருந்த மூரை விட 2022இல் இருந்த மூருக்குத்தான் இவர் நெருக்கம்.

அதோடு ஸ்கீன்ஸ் 2029 வரைதான் அணியின் கையில். அதன் பிறகு அவருக்குக் கொடுக்கும் பணம் பிட்ஸ்பர்க்கில் இருக்காது. இப்படியொரு பிட்சர் ஓர் அணிக்கு எத்தனை தலைமுறைக்கு ஒருமுறை கிடைப்பார்? அதில் இரண்டு சீசன் ஏற்கெனவே போய்விட்டது. அதனால் நான்கு வழிகளில் நான் தேர்ந்தெடுப்பது, 2025 அக்டோபரிலேயே செரிங்டனுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, பேட்டர்களை வளர்த்துக் காட்டிய ஓர் அணியிலிருந்து ஒருவரைக் கொண்டுவருவது. பிட்சிங் பக்கத்துப் பயிற்சியாளர்களை, டெட்ராய்ட் ஹின்சை வைத்துக்கொண்டது போல, அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும்.

அணி வேறு முடிவெடுத்தது. செரிங்டன் 2026க்கும் தொடர்வார் என்று அறிவித்துவிட்டார்கள். சரி, அப்படியானால் அவரை எதை வைத்து அளப்பது? 2026 ஜூன் மாத வெற்றி தோல்விப் பட்டியலைப் பார்க்க வேண்டாம். டேவிஸ், நிக் கொன்சாலெஸ், கிரிஃபின் என்று அவர் குழு முதல் சுற்றில் எடுத்த பேட்டர்களில் குறைந்தது இரண்டு பேர் பெரிய லீகில் சராசரிக்கு மேல் அடிக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் டிரேட் கெடுவுக்கு முன்பே நட்டிங் முடிவெடுக்க வேண்டும். அந்தக் கெடுவில் யாரை விற்பது, யாரை வாங்குவது என்று சொல்பவர் 2027லும் அங்கே இருக்கப்போகிறவராக இருக்கட்டும்.